உள்ளத்தின் நோய்க்கு மருந்துரைத்த பேரறிஞர் அபூஸைத் அல்பல்கீ



பல்கு என்னும் நகரின் பெயர் உங்கள் செவிகளுக்குப் புதியதன்று. அரச போகத்தைத் துறந்து இறைவழி நாடிய இப்ராஹீம் இப்னு அத்ஹம் (ரஹ்) அவர்களின் வரலாற்றைக் கேட்டறியாத முஸ்லிம் இல்லம் தமிழகத்தில் அரிது. அப்பெரியார் தோன்றிய மண் அதுவே. இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியில் அமைந்துள்ள அந்நகரம், ஒரு காலத்தில் குராஸான் பெருநிலத்தின் அறிவுச் சுடராய் விளங்கிற்று. அம்மண் ஈன்ற மற்றுமொரு மேதையை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகின்றோம். உடல் நோய்க்கு மருத்துவம் கூறும் நூல்கள் பல்கிப் பெருகியிருந்த காலத்தில், உள்ளத்திற்கும் நோயுண்டு, அதற்கும் மருத்துவமுண்டு என்று தனிப்பகுதி வகுத்து எழுதிய பெருந்தகை அவர். அபூஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ என்பது அவர் பெயர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிவைத்த செய்திகள், மனக்கவலையால் வாடும் ஒருவரேனும் உள்ள ஒவ்வொரு குடும்பத்திற்கும் இன்றும் வேண்டப்படுவனவாய் உள்ளன.

பிறப்பும் இளமையும்

பல்கு நகரை அடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில், ஹிஜ்ரி 235ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 850ஐ ஒட்டி, அபூஸைத் பிறந்தார். தந்தையார் ஸிஜிஸ்தான் நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். சிறுவர்க்குப் பாடஞ்சொல்லிப் பிழைத்த எளிய ஆசிரியர். மகனாரும் தொடக்கத்தில் அத்தொழிலையே மேற்கொண்டார். செல்வம், குலப்பெருமை, அரசர் ஆதரவு ஆகிய எதுவும் அவரைத் தூக்கிவிடவில்லை. கல்வியின்பால் கொண்ட தணியாத வேட்கையே அவருடைய முதலாக இருந்தது.

இளமைப் பருவத்திலேயே அவர் உள்ளம் இராக்கை நாடிற்று. அந்நாளில் பக்தாதே உலகின் அறிவுத் தலைநகரம். ஹஜ்ஜுக்குச் செல்லும் பயணக் கூட்டத்தோடு சேர்ந்து, கால்நடையாகவே அந்நெடுந்தொலைவைக் கடந்து அவர் அங்குச் சென்றார். எட்டு ஆண்டுகள் இராக்கில் தங்கினார். அறிஞர் பலரைச் சந்தித்தார். அரபுகளின் தத்துவ மேதை எனப் புகழ்பெற்ற அல்கிந்தீயிடம் மாணவராய் அமர்ந்தார். மெய்யியல், வானியல், மருத்துவம், இயற்கை நூல் ஆகிய கலைகளில் ஆழ்ந்த புலமை எய்தினார். கவலையை அகற்றும் வழிகளைப் பற்றித் தனியே ஒரு சிறு நூல் இயற்றியவர் அல்கிந்தீ என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளுதல் நலம். ஆசிரியர் தொட்டுக் காட்டிய அத்துறையைப் பிற்காலத்தில் மாணவர் விரித்துரைத்தார்.

கற்ற கல்வியோடு அபூஸைத் தம் ஊருக்கே திரும்பினார். பக்தாதின் பகட்டு அவரைப் பிணித்து வைக்கவில்லை. பிறந்த சிற்றூரின்மீது அவர் கொண்ட பற்று இறுதிவரை நீங்கவில்லை. பிற்காலத்தில் கையில் பொருள் சேர்ந்தபோது, அவர் நிலம் வாங்கியதும் அந்த ஷாமிஸ்தியானிலேதான்.

அன்னாரின் தோற்றத்தை வரலாற்றாசிரியர் யாகூத் குறித்து வைத்துள்ளார். நடுத்தர உயரம், மெலிந்த உடல், முகத்தில் அம்மைத் தழும்புகள், அதிகம் பேசாத இயல்பு, காண்போர் மதிக்கும் அமைதி. மனித மனத்தின் கொந்தளிப்புகளை இத்துணை நுட்பமாக ஆராய்ந்தவர், தாம் பேசுவதைக் காட்டிலும் பிறரைக் கவனித்துக் கேட்பதையே பழக்கமாய்க் கொண்டவர் போலும்!

அமீரின் அவையில்

பல்கு நகரை அஹ்மத் இப்னு ஸஹ்ல் என்னும் அமீர் ஆண்டுவந்த காலம். அபூஸைதின் இயற்பெயரும் அஹ்மத் இப்னு ஸஹ்ல் என்பதை மேலே கண்டோம். அறிஞர் அமீரின் முன் வந்தபோது, உம் பெயர் யாது என்று அமீர் வினவினார். அபூஸைத் என்று மட்டும் அவர் விடை பகர்ந்தார். பெயரைக் கேட்டால் அபூ என்று தொடங்கும் சிறப்புப் பெயரைச் சொல்கின்றாரே, இவ்வளவு பெரிய அறிஞர்க்கு அவை மரபு தெரியாதா என்று அமீர் வியப்புற்றார். அறிஞர் விடைபெற்றுச் சென்றபின், அவருடைய மோதிரம் அவ்விடத்திலேயே கிடக்கக் கண்டார். இது என்ன மறதி என்று மேலும் வியந்து, அதனைக் கையிலெடுத்து முத்திரையைப் படித்தபோது, அதில் அஹ்மத் இப்னு ஸஹ்ல் என்று பொறிக்கப்பட்டிருந்தது. தம் பெயரும் அவர் பெயரும் ஒன்றாயிருத்தலால், ஆட்சியாளரின் பெயரைத் தம் பெயராக அவர் எதிரிலேயே உச்சரிக்கக் கூசி, அறிஞர் அவ்வாறு விடையிறுத்தார் என்பது அப்போதுதான் அமீருக்கு விளங்கிற்று. பிறர் உள்ளம் எதனால் நோகும், எதனால் மகிழும் என்பதைச் சிறு செயலிலும் எண்ணிப் பார்க்கும் பண்பு அது.

அமைச்சர் பதவியை ஏற்குமாறு அமீர் அவரை வேண்டினார். அபூஸைத் மறுத்துவிட்டார். அவருடைய நண்பரான அபுல்காஸிம் அல்கஃபீ அமைச்சரானார். அபூஸைத் எழுத்தர் பணியை மட்டும் ஏற்றார். அமைச்சர்க்குத் திங்கள்தோறும் ஆயிரம் திர்ஹம், எழுத்தர்க்கு ஐந்நூறு. அல்கஃபீயோ பொருட்காப்பாளரை அழைத்து, தம் ஊதியத்தில் நூறு திர்ஹத்தைக் கழித்து நண்பருக்குச் சேர்த்துவிடுமாறு பணித்தார். அவ்வாறே அமைச்சர் தொள்ளாயிரமும் எழுத்தர் அறுநூறும் பெற்றனர். அதிலும் நல்ல நாணயங்களை அபூஸைதுக்குக் கொடுத்துவிட்டு, உடைந்த நாணயங்களைத் தமக்கு எடுத்துக்கொள்வாராம் அந்த அமைச்சர். இத்தகைய நட்பு வாய்த்தவர் நற்பேறு பெற்றவர் அல்லரோ!

ஆனால் எல்லாக் கொடையாளரும் அவ்வாறு இருக்கவில்லை. அவருக்கு உதவித்தொகை அனுப்பிவந்த செல்வாக்கு மிக்க இருவர், அவர் எழுதிய நூல்கள் தம் கொள்கைக்கு ஒத்துவராமற் போகவே, அவ்வுதவியை நிறுத்திக்கொண்டனர் என்று நூற்பட்டியல் தொகுத்த இப்னுந் நதீம் தெரிவிக்கின்றார். தொகை நின்றது. எழுதுகோல் நிற்கவில்லை.

ஜைஹூன் ஆற்றங்கரையில்

அபூஸைதின் புகழ், புகாராவில் வீற்றிருந்த குராஸான் வேந்தரின் செவிக்கு எட்டிற்று. தமக்கு ஆலோசனை கூற வருமாறு வேந்தர் அழைப்பு விடுத்தார். அறிஞரும் புறப்பட்டார். பல்குக்கும் புகாராவுக்கும் இடையே ஜைஹூன் என்னும் பேராறு ஓடுகின்றது. இன்று ஆமு தரியா என வழங்கப்படுவது அதுவே. கரையை அடைந்த அறிஞர், அகன்று விரிந்த நீர்ப்பரப்பையும், புரண்டு வரும் அலைகளையும் கண்டார். அங்கேயே நின்று வேந்தருக்கு ஒரு கடிதம் வரைந்தார். என் அறிவுக் கூர்மையை நம்பியே தாங்கள் அழைத்தீர்கள்; அந்த அறிவே இந்த ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று என்னைத் தடுக்கின்றது என்பது அக்கடிதத்தின் கருத்து. அதைப் படித்த வேந்தர் சினங்கொள்ளவில்லை. சுவைத்து மகிழ்ந்து, பல்குக்கே திரும்பிச் செல்ல அவருக்கு இசைவளித்தார். புவியியல் அறிஞர் அல்முகத்தஸீ இதனை எழுதி வைத்துள்ளார்.

வாசகர்களே, இச்செய்தியை நகைச்சுவையாக மட்டும் எண்ணிக் கடந்துவிடாதீர்கள். ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் தாங்கும் ஆற்றலை அளந்தறிந்து, அதற்கேற்ற வாழ்வைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அபூஸைத் தம் நூலில் வற்புறுத்தும் கருத்தாகும். அமைச்சர் பதவியை ஒதுக்கியதும், ஆற்றங்கரையிலிருந்து திரும்பியதும் அவருடைய எழுத்தோடு இயைந்து நிற்கின்றன.

உலக வரைபடமும் உள்ளத்தின் வரைபடமும்

அபூஸைத் இயற்றியனவாகப் பல்துறை நூல்கள் அறுபதுக்கு மேல் கூறப்படுகின்றன. திருக்குர்ஆனின் சொல்லமைப்பைப் பற்றி அவர் எழுதிய நூலை அறிஞர்கள் வியந்து பாராட்டினர். நடை நயத்தால் அவரைக் குராஸானின் ஜாஹிள் என்று அழைத்தனர். ஜாஹிள் என்பார் பஸராவில் வாழ்ந்த அரபு உரைநடை வேந்தர்.

கி.பி. 920ஐ ஒட்டி, இஸ்லாமிய நாடுகளின் வரைபடங்களைத் தொகுத்து விளக்கும் நூல் ஒன்றையும் அவர் ஆக்கினார். மூலநூல் நமக்குக் கிட்டவில்லை. எனினும் அல்இஸ்தக்ரீ, இப்னு ஹவ்கல் முதலான புவியியலார் அதனை அடியொற்றியே தம் நூல்களை அமைத்தனர். அம்மரபினரைப் பல்கு மரபினர் என்றே இன்றைய ஆய்வாளர்கள் அழைக்கின்றனர்.

நாடுகளுக்கு வரைபடம் வகுத்த அந்தப் பேரறிஞர், மனித உள்ளத்திற்கும் ஒரு வரைபடம் வகுத்தார். மஸாலிஹுல் அப்தானி வல் அன்ஃபுஸ் என்பது அந்நூலின் பெயர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் தருவன என்பது அதன் பொருள். முதற்பகுதி உடலைப் பற்றியது. பதினான்கு அத்தியாயங்கள் கொண்டது. குடியிருக்கும் வீடு, காற்று, நீர், உடை, உணவு, உறக்கம், குளியல், உடற்பயிற்சி என்றிவ்வாறு நோய் வராமற் காக்கும் வழிகளை அது பேசுகின்றது. இரண்டாம் பகுதி உள்ளத்தைப் பற்றியது; எட்டு அத்தியாயங்கள் கொண்டது. அவ்வெட்டுமே அபூஸைதின் பெயரை இன்றளவும் நிலைநிறுத்தியுள்ளன.

மருத்துவர்கள் மறந்த பாதி

தம் காலத்து மருத்துவர்மீது அபூஸைதுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவர்கள் குருதி வடித்தலையும், கஷாயம் கொடுத்தலையும் பற்றி ஏடு ஏடாக எழுதினர். உள்ளத்தின் நோயைப் பற்றி ஏதும் கூறினாரல்லர். அது தம் தொழிலைச் சார்ந்ததன்று என்று கருதினர் போலும்! இஃது ஏற்கத்தக்கதன்று என அபூஸைத் வாதிட்டார். மனிதன் உடலும் உயிரும் இணைந்த படைப்பு. உடல் நோயுற்றால் அறிவு மங்குகின்றது. கடமைகளில் மனம் பற்றுவதில்லை. உள்ளம் நோயுற்றாலோ உடல் எந்த இன்பத்தையும் நுகர்வதில்லை; நாளடைவில் உடலும் நோயில் வீழ்கின்றது. ஆகவே இரண்டையும் சேர்த்தே பேணுதல் வேண்டும் என்பது அவர் முடிபு.

மேலும் ஓர் உண்மையை அவர் எடுத்துக்காட்டினார். உடலைத் தாக்கும் நோய் பலவற்றுள் ஒன்றுகூட வராமலே சிலர் வாழ்நாளைக் கழித்துவிடக் கூடும். சினமும் அச்சமும் துயரமும் தீண்டாத மனிதர் எவருமிலர். அரசர்க்கும் ஆண்டிக்கும் அவை பொதுவானவை. எனவே உடல் மருத்துவத்தைக் காட்டிலும் உள மருத்துவம் அடிக்கடி வேண்டப்படுவதாகும் என்று அவர் எழுதினார். மனம் நலிந்தவர்களை வேறோர் இனமாக ஒதுக்கி நோக்கும் நம்மவர்க்கு இதில் பெரியதொரு பாடம் உண்டு.

நலமாயிருக்கும்போது செய்ய வேண்டுவது யாது? எதிர்பாராமல் வரும் காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் முன்னெச்சரிக்கையாக வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் அமைதியாயிருக்கும் நாளிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்து வைக்குமாறு அபூஸைத் அறிவுறுத்துகின்றார். இவ்வுலகம் நாம் விரும்பியதெல்லாம் கிட்டுவதற்காகப் படைக்கப்பட்டதன்று என்பதை முன்னரே உள்ளத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். சிறு தொல்லைகளுக்கெல்லாம் கொதித்தெழாமல் பொறுத்துப் பழகினால், பெருந்துன்பம் வருங்கால் தாங்கும் வலிமை தானே கைவரும். வேலியை வெள்ளம் வந்தபின் போட முடியுமா?

நோய் வந்துவிட்டால் இருவகை உதவி தேவை. ஒன்று, தாமே தம் எண்ணங்களைத் திருத்துதல். மற்றொன்று, பிறருடைய அறிவுரையைக் கேட்டல். பின்னதே பெரும்பாலும் வலிமை மிக்கது என்கின்றார் அவர். துயரில் மூழ்கியவரின் அறிவு அத்துயராலேயே மறைக்கப்பட்டிருக்கும். அமைதியோடு இருக்கும் மற்றொருவரின் சொல்லே அவரைக் கரை சேர்க்கும். மருத்துவரும் நோயுற்றால் மற்றொரு மருத்துவரையன்றோ நாடுகின்றார்? ஆகவே உதவி தேடுதல் இழுக்கன்று. மனம் சரியில்லை என்று ஒருவர் நம்மிடம் வாய்திறந்து கூறுவாராயின், அவர் அறிவுடையோர் செய்யத்தக்கதைச் செய்கின்றார் என்றே நாம் மதிக்க வேண்டும்.

நால்வகை நோய்கள்

உள்ளத்தின் நோய்களைச் சினம், அச்சம், துயரம், ஊசலாட்ட எண்ணம் என நான்காக அபூஸைத் வகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார்.

சினம், கொண்டவனையே முதலில் சுடுவது. முகம் நிறம் மாறுகின்றது, உடல் நடுங்குகின்றது, பிறகு செய்யத் தகாத செயல் நிகழ்ந்துவிடுகின்றது. அதன் விளைவுகளை அமைதியான வேளையில் எண்ணிப் பார்த்து வைத்தால், சினம் மூளும்போது அந்நினைவு கடிவாளமாய் அமையும் என்பது அவர் காட்டும் வழி.

அச்சத்தைப் பற்றி அவர் கூறும் உவமை மிக அழகியது. பாலைவனத்து அரபி ஒருவன் குளிர்நாட்டிற்குச் செல்கின்றான். மூடுபனியை அவன் அதற்குமுன் கண்டதேயில்லை. தொலைவிலிருந்து நோக்குங்கால் அது ஊடுருவ முடியாத திண்மையான சுவர்போல் தோன்றி அவனை மிரட்டுகின்றது. துணிந்து அதனுள் நுழைந்தபோதோ, அது ஈரக்காற்றே என்பதை உணர்கின்றான். நாம் அஞ்சுபவற்றுள் பெரும்பாலானவை இத்தகையன. அஞ்சுகின்ற பொருளைப் பற்றிய அறிவைப் பெறுதலும், அதனைக் கண்டும் கேட்டும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளுதலும் அச்சத்தைத் தீர்க்கும் என்றார் அபூஸைத். இன்று மனநல மருத்துவர்கள் அளவிறந்த அச்சத்திற்கு அளிக்கும் பழக்கும் பயிற்சியின் அடிப்படை இதுவே.

துயரத்தை அவர் ஆராய்ந்துள்ள முறை இன்றைய அறிஞர்களை வியக்க வைக்கின்றது. அன்புக்குரியோர் மறைவு, பொருள் இழப்பு எனக் காரணம் தெரிந்து வரும் துயரம் ஒருவகை. காரணம் ஏதென்று அவருக்கே தெரியாமல் நெஞ்சை அழுத்தி, எதிலும் நாட்டமின்றிச் செய்யும் துயரம் மற்றொரு வகை. முன்னதற்கு ஆறுதலும், நல்லெண்ணமும், நல்லோர் உறவும் மருந்தாகும். பின்னதற்கு உடலிலேயே காரணம் உண்டு; ஆதலின் அதற்கு உடலுக்குரிய மருத்துவமும் செய்தல் வேண்டும் என்று அவர் வகைப்படுத்தினார். அந்நாளைய மருத்துவத்தின்படி குருதியின் தூய்மைக் கேட்டையே அவர் காரணமாகக் கருதினார். அக்கருத்து இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும் வெளிக்காரணத்தால் வருவது, உடலுக்குள்ளிருந்து தோன்றுவது என்று மனச்சோர்வை இருவகையாய்ப் பிரித்தறிந்த நுண்ணறிவைக் கவனியுங்கள். ஐரோப்பிய மருத்துவம் இப்பாகுபாட்டைத் தெளிவாக வகுத்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான்.

ஈமான் உள்ளவருக்குத் துயரம் வருமா என்று வினவுவோர் நம்மிடையே உண்டு. அன்னோர் திருமறை கூறும் வரலாறுகளைச் சிந்திப்பாராக. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் துயரத்தால் வெளுத்துப் போயின. மூஸா (அலை) அவர்கள் தம் உள்ளத்தே அச்சத்தை உணர்ந்தார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்களும் பெரியதந்தை அபூதாலிபும் மறைந்த ஆண்டு, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் துயர ஆண்டு என்றே வரலாற்றில் வழங்கப்படுகின்றது. கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் காக்குமாறு இறைவனிடம் இறைஞ்சும் துஆவை நபிகளார் நமக்குக் கற்றுத் தந்தார்கள். இறப்பு நேர்ந்த வீட்டில் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்குமாறு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறுவது வழக்கம். அது துயருற்றோரின் உள்ளத்திற்கு இதம் தரும் என்று நபிகளாரிடமிருந்து அவர்கள் கேட்டறிந்திருந்தார்கள். வாடிய உள்ளத்தைத் தேற்ற உடலுக்கு ஊட்டம் அளித்தல் நம் மார்க்கம் அறிந்த முறையே.

நான்காவது, வஸ்வாஸ் எனப்படும் ஊசலாட்ட எண்ணம். வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப எழும்; உண்மையன்று எனத் தெரிந்தும் அகலாது; உண்பதிலும் உறங்குவதிலும் தொழிலிலும் மனத்தைச் செல்லவிடாது. இதனை ஏனைய துயரங்களோடு கலக்காமல் தனி நோயாகவே அபூஸைத் பிரித்துக் காட்டினார். ஷைத்தானின் தூண்டுதலை அவர் மறுக்கவில்லை. எனினும் உடலின் இயல்பிலிருந்து எழும் காரணத்தையும் சேர்த்தே எடுத்துரைத்தார். இந்நோயுடையார் தனிமையில் இருத்தல் கூடாது. நல்லோர் கூட்டத்தில் இருக்க வேண்டும். பயனுள்ள வேலையிலும், ஆகுமான மகிழ்ச்சிகளிலும் மனத்தைச் செலுத்த வேண்டும். அஞ்சுவது நிகழ்வதில்லை என்பதை அறிவைக் கொண்டு எடைபோட்டுப் பார்க்க வேண்டும். மருந்தில்லாத நோயை இறைவன் படைக்கவில்லை என்னும் நம்பிக்கையைக் கைவிடலாகாது என்பன அவர் தரும் அறிவுரைகள்.

ஏட்டிலிருந்து வெளிவந்த பொக்கிஷம்

ஹிஜ்ரி 322ஆம் ஆண்டில், கி.பி. 934இல், அபூஸைத் இறைவனடி சேர்ந்தார். ஹிஜ்ரிக் கணக்கில் வயது எண்பத்தேழு. அவருடைய மாணவருள் சிறந்தவர் தத்துவ அறிஞர் அபுல்ஹஸன் அல்ஆமிரீ.

உள நோயாளரைப் பேணும் மரபு முஸ்லிம் உலகில் மேலும் தழைத்தது. 1154இல் நூருத்தீன் ஸன்கீ திமிஷ்கிலும், 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவிலும், 1488இல் சுல்தான் இரண்டாம் பாயஸீத் எடிர்னேயிலும் நிறுவிய மருத்துவமனைகளில் மனநோயாளர்க்கும் இடமளிக்கப்பட்டது. எடிர்னேயில் இசையும் நீரோசையும் மருந்தாகப் பயன்பட்டன.

அபூஸைதின் நூலோ நெடுங்காலம் இஸ்தன்பூலின் அயாஸோஃபியா நூலகத்தில் கையெழுத்துப் படியாய் உறங்கிற்று. 1984இல் பேராசிரியர் ஃபுவாத் ஸெஸ்கின் அதனை அச்சுப் படியாக ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் வெளியிட்டார். உள்ளத்தைப் பற்றிய பகுதியை ஸூடான் நாட்டு உளவியல் பேராசிரியர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளிக்கொணர்ந்தார். 2015இல் அமெரிக்காவிலுள்ள முஸ்லிம் பெண் மருத்துவர் ரானியா அவ்வாதும் அவர்தம் தோழரும், வஸ்வாஸ் பற்றி அபூஸைத் எழுதியதை இன்றைய மருத்துவ இலக்கணத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரிதும் ஒத்திருத்தலை மருத்துவ ஆய்விதழில் எடுத்துக்காட்டினர்.

நாம் செய்ய வேண்டுவது

வாசகர்களே! இத்தகைய முன்னோரைப் பெற்ற சமுதாயம் நாம். நம் இல்லங்களில் நடப்பது என்ன? காய்ச்சல் என்றால் உடனே மருத்துவரிடம் ஓடுகின்றோம். மகள் உண்ணாமல் உறங்காமல் சுவரை நோக்கி அமர்ந்திருந்தால், கண்ணேறு என்கின்றோம், ஜின் என்கின்றோம், தாயத்துக்கு அலைகின்றோம். சம்பந்தம் பேசுவோர் அறிந்துவிடக் கூடாதே என்று கதவை அடைக்கின்றோம். ஒளூச் செய்யும் இடத்தில் ஓர் உறுப்பைப் பத்துமுறை கழுவிக்கொண்டு, தொழுகையில் சேர இயலாமல் தவிக்கும் இளைஞனைக் கண்டால் நகைக்கின்றோம். அல்லது ஈமான் குறைவு என்று கடிந்துகொள்கின்றோம்.

இவ்வறியாமை எத்துணைக் கொடியது என்பதை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் நமக்கு உணர்த்திற்று. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த காரணத்தால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். ஒவ்வொருவரையும் அங்குக் கொண்டுவந்து விட்டவர்கள், குணமாகவேண்டும் என்று ஏங்கிய குடும்பத்தாரே அல்லவா? மனநோயாளர் எவரையும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்துள்ளது.

ஓதிப்பார்த்தலையும் துஆவையும் விட்டுவிடுமாறு நாம் கூறவில்லை. அவை உள்ளத்திற்கு அருமருந்தே. ஆனால் நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு பணித்தவர்களும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டும்படி போதித்த மார்க்கம் இது. துஆச் செய்த கையோடு நோயாளியை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அவர் தரும் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாமல் சொன்னபடி கொடுத்தல் வேண்டும்.

மார்க்க அறிஞர்களுக்கும் இதில் பங்குண்டு. வஸ்வாஸ் என்று கூறி நாடி வருவோர்க்கு, ஐயத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்னும் சட்டத்தை விளக்குதல் அவர்கள் கடமை. நோய் முற்றியிருப்பதைக் கண்டால் மருத்துவரிடம் அனுப்புதலும் கடமையே. மருத்துவராகவும் செவிலியராகவும் பணிபுரியும் நம் பிள்ளைகள் ஒன்றை உள்ளத்தில் இருத்துவாராக. படுக்கையில் கிடப்பவரின் உடலோடு உள்ளமும் அங்கே கிடக்கின்றது. ஊசி போடும் கைக்கு முன்னதாக ஆறுதல் கூறும் சொல் அவரை எட்டட்டும். அவ்வாறு பிறர் துயரைத் தாங்கித் தாங்கித் தம் உள்ளம் களைக்குங்கால், அவர்களும் வெட்கமின்றிப் பிறர் துணையை நாடுவாராக.

அபூஸைதுக்கு அவர் நண்பர் கொடுத்தனுப்பியது மாதம் நூறு திர்ஹம். நம்மால் ஒரு நாழிகை நேரத்தைக் கொடுக்க இயலும். உங்கள் உறவில், அண்டை வீட்டில், பேச்சைக் குறைத்துக்கொண்டு ஒதுங்கி வாழ்பவர் எவரேனும் உளரா? இன்று ஜும்ஆத் தொழுகை முடித்துத் திரும்பும்போது அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அறிவுரை கூறப் போக வேண்டா. அருகில் அமர்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ், நோயுற்ற உடல்களுக்கும் நொந்த உள்ளங்களுக்கும் நிறைந்த ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைப் பேணும் கைகளுக்கு வலிமை தருவானாக! ஆமீன்.